பைகளுக்குக் காவல்

குடும்பத்தோடு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனால், பெரியவர்களில் ஒருவர் பைகளுக்குக் காவலாக நிழலில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். அந்த வேலைக்கு முதல் நாளே நான் மனதுக்குள் விண்ணப்பம் போட்டுவிட்டேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு உயரம் ஆகாது. பேட்டையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன், வெல்டிங் வேலையும் உண்டு. கூரையில் ஏறி ஒரு தகரத்தை மாட்டவேண்டும் என்றால்கூட ஆள் வைத்துத்தான் ஏற்றுவேன். நான் கீழே நின்று கத்துவேன். முதலாளி என்றால் கீழே நின்று கத்துவார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டதால் இத்தனை வருடமாக விஷயம் வெளியே வரவில்லை. என் மனைவிக்கும் தெரியாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாட்டிக்கொண்டது பல் ஆஸ்பத்திரியில். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஒரு கோணல் பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. அவள் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார், கடித்தது நான் என்பதுபோல.

"வாயத் தொறட்டி. காலாண்டு லீவுக்குப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன். பெரிய பார்க்கு. தண்ணி, ராட்டினம் எல்லாம் உள்ளது" என்றேன்.

வாய் திறந்தது. பல்லும் வந்தது. பல்லோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே அன்று சாயங்காலம் அவள் அத்தைக்கு, அதாவது என் அக்காவுக்கு, போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அக்காவிடம் சொன்னால் அத்தானுக்குத் தெரிந்ததாகத்தான் அர்த்தம். அத்தானுக்குத் தெரிந்துவிட்டால் எதுவும் சும்மா நடக்காது, திட்டமாகத்தான் நடக்கும்.

அத்தான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம், எந்த டிரைவர் எந்த டீக்கடையில் நின்றான் என்று எழுதியே தலைமுடியைத் தொலைத்தவர். ஓய்வுக்குப் பிறகு நேரம் பார்க்க பஸ் இல்லை. அக்கா இருந்தாள். "காய் வாங்கப் போயி முப்பத்தஞ்சு நிமிஷம் ஆயிட்டு" என்று வாசலிலேயே சொல்வார். அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் பொதுவாகவே ஒன்றும் சொல்லமாட்டாள். என்னைவிட பன்னிரண்டு வயது மூத்தவள். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்கு எட்டு வயது. ஜிலேபி தின்றதைத் தவிர அந்தக் கல்யாணத்தில் எனக்கு வேறு ஞாபகம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்ணார்பேட்டையில் அக்கா வீட்டில் கூட்டம். அத்தான் கோடு போட்ட முழுத்தாளை மேசையில் விரித்தார். நீலம், சிவப்பு என்று இரண்டு பேனா. நாங்கள் ஐந்து பேர் போவதற்கு, ஒரு மாநாடு நடத்துகிற அளவுக்கு அதில் கட்டங்கள் இருந்தன.

"ஆறு மணிக்கு வண்டி எடுக்கோம். ஏழேகாலுக்குக் கோவில்பட்டி தாண்டுதோம். ஏழரைக்குச் சாப்பாடு, இருவது நிமிஷம். எட்டே முக்காலுக்குப் பார்க்கு வாசல்."

"பத்து மணிக்குத்தான மாமா தொறப்பாங்க?" என்றாள் என் மகள்.

"ஆமா."

"அதுவரைக்கும் என்ன பண்ண?"

"நிக்கணும். முன்னாடி நிக்கவன்தான் முன்னாடி போவான்."

பார்க்கு உள்ளே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் பதினைந்து நிமிடம். காலையில் ராட்டினங்கள், மதியத்துக்கு மேல் தண்ணீர். மூத்திரத்துக்கு இரண்டு முறை நேரம் ஒதுக்கியிருந்தார், பதினொன்றேகாலுக்கும் மூன்று மணிக்கும். நடுவில் வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நான் தாளின் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சிவப்பு மையில் 'பொருள் பாதுகாப்பு' என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரைப் போட்டிருந்தார்.

"இது என்ன அத்தான்?"

"பையை எல்லாம் யாராவது பாக்கணும்லா மாப்ள. நான் இருந்துக்கிடுதேன்."

"சேச்சே. ரிட்டையர் ஆன மனுசன், நீங்க அனுபவிக்கணும். பையை நான் பாத்துக்கிடுதேன்."

"நீரு சின்ன வயசுவே. எனக்கு என்ன, நிழல் இருந்தாப் போதும்."

"இல்ல அத்தான், நீங்க ஏறுங்க."

"சொன்னாக் கேளும்."

இரண்டு ஆண்பிள்ளைகள் தியாகத்துக்காக இப்படி அடித்துக்கொள்வதைப் பார்த்தால் வெளியாள் கண்கலங்கியிருப்பான். என் மனைவி கண்கலங்கவில்லை. "ரெண்டு பேரும் பைக்கு இருந்தா ராட்டினத்துல யாரு ஏறுவா? மைனியா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவும் சிரித்தாள். சிரித்து முடித்து, கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், "அங்கன தண்ணி ஆழம் எவ்ளோ இருக்கும்?" என்று கேட்டாள்.

"பயப்படாதீய மைனி, இடுப்பளவுதான். எங்க கூடிப்போனா நெஞ்சு வரைக்கும்."

"அவ்ளோதானா" என்றாள் அக்கா. நிம்மதி என்று நினைத்துக்கொண்டோம்.

கடைசியில் பை விஷயத்தில் ஒப்பந்தம் ஆனது. மத்தியானம் வரை அத்தான், அதற்கு மேல் நான். அரை நாளைத் தாண்டினால் மீதி அரை நாளை வயிற்றுவலி என்று சொல்லி ஓட்டிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அத்தானும் அதே கணக்கைப் போட்டிருப்பார், முகத்திலேயே தெரிந்தது.

அதற்கடுத்த நாட்களில் என் மனைவி பார்க்குக்குப் போன் செய்து விதிகளைத் தெரிந்துகொண்டாள். வெளிச் சாப்பாடு கூடாது. தண்ணீரில் இறங்க நைலான் துணிதான், சேலையும் வேட்டியும் ஆகாது. அத்தான் இதைக் கேட்டதும், "வேட்டி ஆவாதுன்னா நான் இறங்க முடியாதே" என்று வருத்தமாகச் சொன்னார். அவ்வளவு மகிழ்ச்சியான வருத்தத்தை நான் பார்த்ததில்லை. நானோ தினமும் பட்டறையில் சாப்பிட்டுவிட்டு செல்போனில் அந்தப் பார்க்கின் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மற்றவர்கள் அதில் சிரிக்கிற முகங்களைப் பார்ப்பார்கள். நான் தூண் அடியில் போல்ட் எத்தனை, வெல்டிங் எப்படி ஓடியிருக்கிறது என்று பார்த்தேன். வெல்டிங் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் கவலையாக இருந்தது, சாக்குச் சொல்ல வழியில்லை.

புறப்படும் நாள் வந்தது. டிரைவர் மேலப்பாளையத்துக்காரர், ஐந்து ஐம்பதுக்கே வேனைக் கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். நாங்கள் மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தோம். அக்கா தூக்குச்சட்டியில் எலுமிச்சைச் சோறும், டப்பாவில் உருளைக்கிழங்குப் பொரியலும் கொண்டுவந்து வைத்தாள். ஆறு மணிக்கு ஆளில்லாத ஒரே இருக்கை அத்தானுடையது.

அத்தான் கக்கூஸில் இருந்தார். வெளியே வந்தார், செருப்பை மாட்டினார், படியிறங்கினார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் உள்ளே போனார். இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை டிரைவர் என்னிடம் குனிந்து, "அண்ணாச்சி, பெரியவருக்குப் பயமா இருக்கோ?" என்று கேட்டார்.

"சே, ராத்திரி புரோட்டா சாப்பிட்டாரு" என்றேன். அத்தானுக்காக இல்லை, ஆண்குலத்துக்காகச் சொன்னேன்.

ஆறு நாற்பதுக்கு வண்டி கிளம்பியது. அத்தான் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கங்கைகொண்டான் ஊரைப் பார்த்தபடி வந்தார். கோவில்பட்டி தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, டிரைவரையும் உட்காரவைத்து, சோற்றை முழுக்கத் தின்று தீர்த்தோம். பார்க்குக்காரன் வெளிச் சாப்பாடு கூடாது என்றுதான் சொல்லியிருந்தான். வயிற்றுக்குள் இருப்பதைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை.

வாசலில் பைகளைச் சோதித்தார்கள். அத்தான் பையிலிருந்து ஒரு கிலோ முறுக்கு வெளியே வந்தது.

"இது உள்ள போகக்கூடாது சார்" என்றார் காவலாளி.

"இது சாப்பாடு இல்லய்யா. முறுக்கு" என்றார் அத்தான்.

இந்த வாதம் எடுபடவில்லை. மதியம் வரை நிழலில் உட்கார்ந்து கொறிப்பதற்காகக் கொண்டுவந்தது அது என்று எனக்கு உடனே புரிந்தது. என்னிடமும் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் இருந்தது. அதை முன்யோசனையோடு சாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருந்தேன். அத்தான் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் முறுக்கு விநியோகம் செய்துவிட்டு வந்தார். வந்தவர் காவலாளியிடம், "பையை வச்சிக்கிட்டு உக்கார நிழலு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"நீங்க எதுக்கு சார் உக்காரணும்? லாக்கர் இருக்கு. பையை உள்ள வச்சுப் பூட்டிட்டு சாவியைக் கையில மாட்டிக்கிடலாம். எல்லாரும் ஜாலியாப் போங்க."

நானும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்தோம். முப்பது வருடத்துக்கு மேலான உறவில் நாங்கள் இவ்வளவு நெருக்கமாக உணர்ந்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு திட்டம் என்று ஒன்று இல்லாமல் போனது. மகள் நேராகத் தண்ணீருக்கு ஓடினாள். அவள் பின்னால் என் மனைவி ஓடினாள். பெண்கள் உடை மாற்றும் இடத்துக்கு வெளியே, கால்சட்டை போட்ட கால்களை ஒன்றோடொன்று ஒட்டி மறைத்துக்கொண்டு நானும் அத்தானும் நின்றோம். வேட்டி இல்லாமல் அத்தானை நான் பார்த்தது இல்லை. யூனிபார்மில் பார்த்திருக்கிறேன், ஆனால் முழங்கால் எல்லாம் காட்டும் யூனிபார்மை அரசாங்கம் கொடுத்ததில்லை. நைலான் கால்சட்டையை வாசலில் வாடகைக்கு எடுத்துக்கொடுத்தது என் மனைவி. நல்ல ஆரஞ்சு நிறம்.

அப்போது அக்கா வெளியே வந்தாள்.

கறுப்பு நிறத்தில் நீளக் கால்சட்டை. முழங்கை வரை வரும் மஞ்சள் பனியன். பனியனில் ஒரு புலி வாயைப் பிளந்து உறுமிக்கொண்டிருந்தது. கொண்டையை இறுக்கிக் கட்டி, தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"இது எங்க வாங்கின?" என்றார் அத்தான்.

"பாளையங்கோட்டை மார்க்கெட்டுல. காய் வாங்கப் போனப்ப" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அலைக்குளத்தைப் பார்த்து நடந்தாள். நாங்கள் இரண்டு பேரும் புலிக்குப் பின்னால் போனோம்.

அலைக்குளத்தில் எல்லோரும் கூச்சல் போட்டுக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், பிறகு தண்ணீருக்குள் தலையை முக்கிக் காணாமல் போனாள். அத்தான், "ஏளா! ஏளா!" என்று கத்தினார். நான் விசில் வைத்திருந்த ஆளைத் தேடினேன். குளத்தின் அடுத்த ஓரத்தில் அக்கா எழுந்து, முகத்தை வழித்துவிட்டு, "சவம், முட்டு இடிக்கி. ஆழமே இல்ல" என்றாள்.

அடுத்தது சறுக்குக்குழாய். நாலு மாடி உயரத்திலிருந்து வளைந்து வளைந்து கீழே வந்து விழும். இரண்டு மாதமாக இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த என் மகள் முன்னால் ஏறினாள், பின்னால் அக்கா, அதற்குப் பின்னால், மனைவி முதுகில் கைவைத்துத் தள்ளியதால், நான். படிகளை எண்ணினால் பயம் குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி எண்ணினேன். எண்ணிக்கை கூடக் கூட உயரமும் கூடுகிறது என்பது பாதியில்தான் உறைத்தது. கைப்பிடிக் கம்பியை நான் பிடித்த பிடிக்கு அது வளைந்திருக்க வேண்டும்.

உச்சிக்குப் போனதும் மகள் குழாயின் வாயைப் பார்த்தாள். அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நான் போமாட்டேன். அப்பா, கீழ போவோம்."

என் உயிர் திரும்பி வந்தது. "பிள்ள பயப்படுது, எறங்கிருவோம்" என்று நல்ல தகப்பனாக அவள் கையைப் பிடித்தேன். பின்னால் படி முழுக்கக் காலேஜ் பையன்கள். இறங்க இடமில்லை.

அக்கா அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். "ஏட்டி, இங்கன பாரு. நான் முதல்ல போறேன். கீழ போயி நிக்கேன். நீ கண்ண மூடாத. கண்ண மூடுனாத்தான் பயம் வரும். தொறந்து வச்சிக்கிட்டு வா, என் மூஞ்சி தெரியும்." சொல்லிவிட்டு குழாய்க்குள் காலை நீட்டி, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, போயே போய்விட்டாள். சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் கீழே தொப்பென்று ஒரு சத்தம், அப்புறம் அவள் சிரிப்பு. அக்கா அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், போய்விட்டாள். இப்போது நான் மட்டும்.

"அண்ணே, போங்கண்ணே" என்றான் பின்னால் நின்றவன்.

"போவோம். என்ன அவசரம்?"

"அண்ணே, வெயில் கால சுடுதுண்ணே."

அக்கா சொன்ன யோசனையை நான் பின்பற்றவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நடுவில் எங்கேயோ, "எக்கா!" என்று கத்தியிருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல், பட்டறையில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன். கீழே வந்து விழுந்து, தண்ணீரைக் குடித்து, இருமி எழுந்தபோது அக்கா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். "என்னலே, சின்னப்பிள்ள மாதிரி" என்றாள். என் மனைவி கரையில் நின்று எல்லாவற்றையும் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். "ஷெட்டுல ஏறாம கீழ நின்னு கத்துவீயள்ல, அப்பமே எனக்குத் தெரியும்" என்றாள். கல்யாணமான வருடத்திலிருந்தே தெரியுமாம்.

அக்கா அந்தக் குழாயில் இன்னும் நாலு முறை போனாள். ஒருமுறை தலைகீழாகப் போகப் பார்த்தவளை விசில் ஊதி நிறுத்தினார்கள்.

மத்தியானம் பார்க்கு சாப்பாட்டுக் கூடத்தில், ஈரத் தலையோடு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் மெதுவாகக் கேட்டார், "உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கன படிச்ச?"

"படிக்கதுக்கு என்ன இருக்கு? ஆத்துலதான். குறுக்குத்துறை மண்டபத்து மேல ஏறிக் குதிப்போம். தண்ணி நிறைய வந்தா மண்டபம் பாதி முங்கிரும், அப்பம் குதிக்கது லேசு. தண்ணி குறைஞ்சாத்தான் உயரம். பயலுவ நாலு பேரு, பொட்டப்பிள்ள நான் ஒருத்தி."

"எக்கா, எனக்கே தெரியாதே" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ அப்பம் தொட்டில்ல கெடந்த. நான் பெரிய மனுசி ஆனதும் அம்மா ஆத்துப் பக்கமே விடல. வெளக்குமாத்த எடுத்துட்டு வந்துட்டா." அவள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள். வருத்தமாகச் சொல்லவில்லை. கடையில் கூட்டம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"எங்கிட்ட ஒருநாளும் சொல்லலயே" என்றார் அத்தான்.

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்க அம்மா, பாடத் தெரியுமான்னு கேட்டாவ. குதிக்கத் தெரியுமான்னு யாரு கேட்டா?"

அத்தான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஏற்கனவே பிசைந்ததுதான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "அந்தக் கப்பல் மாதிரி ஆடுதே, அதுல ஏறுவோம். வாரும் மாப்ள" என்றார்.

"சாப்பிட்ட உடனேயா அத்தான்?"

"வாரும்னா வாரும்வே."

ஒரு மனிதன் மனைவிக்கு முன்னால் இப்படி எழுந்து நிற்கும்போது அவன் மைத்துனன் உட்கார்ந்திருக்க முடியாது. போனேன். கப்பல் நின்ற தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். "கிரீஸ் எப்பம் போட்டீங்க?" என்று ஓட்டுகிற பையனிடம் கேட்டேன். அவன், "ஏறுனா ஏறுங்க சார், இல்லேன்னா தள்ளி நில்லுங்க" என்றான். "எவ்ளோ நேரம் ஓடும்?" என்றார் அத்தான். "மூணு நிமிஷம்" என்றான். அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

நாங்கள் ஒரு ஓரத்தில், அக்காவும் மகளும் மனைவியும் எதிர் ஓரத்தில். கப்பல் மேலே போனபோது அக்கா கீழே தெரிந்தாள், கீழே வந்தபோது மேலே தெரிந்தாள். தயிர்சாதம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தான் ஒரு கையால் என் தொடையைப் பிடித்திருந்தார், அந்த இடம் ஒரு வாரம் கன்றிப்போய்க் கிடந்தது. ஆனால் கண்ணை மூடவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, ஆகாயத்தில் தொங்கிய நிலையில், டிப்போவே அதிரும் அந்தப் பழைய குரலில் கத்தினார்.

"ஏலே! மூணு நிமிஷம் ஆயிட்டுலே! நிறுத்து! நாலாவது நிமிஷம் ஓடுது!"

கீழே நின்ற பையனுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நிறுத்தியிருப்பானா என்பது சந்தேகம். எதிர் ஓரத்தில் அக்கா கைகள் இரண்டையும் மேலே தூக்கி விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இறங்கியபின் அத்தான் ஒரு குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் அடுத்த தொட்டியில் நின்றேன். அக்கா இரண்டு பேருக்கும் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்து, முதலில் அவருக்கும் பிறகு எனக்கும் முதுகைத் தடவிவிட்டாள்.

சாயங்காலம் நாலரைக்குத் திரும்பினோம். வேனில் மகள் ஏறியதும் தூங்கிவிட்டாள், என் மனைவியும் தலையை என் தோளில் சாய்த்துவிட்டாள். அக்கா சேலைக்கு மாறி, முன்னிருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து தலைமுடியைக் காற்றில் உலர விட்டிருந்தாள். அத்தான் பக்கத்தில். சாத்தூர் வந்தது, கோவில்பட்டி வந்தது. வெளியே காற்றாலைகளுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

கயத்தாறு தாண்டியதும், "அந்த மண்டபம் எத்தன அடி இருக்கும்?" என்றார்.

"யாரு அளந்தா?"

"இல்ல, சும்மா கேக்கேன்."

ஒரு லாரியைத் தாண்டியதும் அவரே மறுபடி கேட்டார்.

"தண்ணி குளுந்து கெடக்குமோ?"

"விடியக்காலம் குளுரும்" என்றாள் அக்கா. "ரெண்டு முங்கு போட்டா சரியாப் போவும்."

அத்தான் இன்னும் ஏதோ கேட்டார். அக்கா அவர் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தி எதையோ காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். டிரைவர் புழுக்கத்துக்குத் தன் பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தார். காற்று இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.